எல்.கே.ஜி. வாசலில் ஒரு மூன்று வயது

கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. திருப்பலிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இளம் தம்பதியர் தங்கள் மூன்று வயது மகனோடு பங்கு அலுவலகத்திற்கு வந்தார்கள். தந்தை எலக்ட்ரீஷியன். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். "ஃபாதர், ஒரு லெட்டர் வேணும். எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு" என்றார் தந்தை. ஜனவரி பிறந்துவிட்டால் எந்தப் பங்குத்தந்தைக்கும் இது பழக்கமான விண்ணப்பம். திருமுழுக்குச் சான்றிதழும் கூடவே ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது தாய் மகனை எனக்கு முன்னால் நிறுத்தினார். "ஃபாதருக்குச் சொல்லு" என்றதும் பையன் தன் பெயர், அப்பா பெயர், நிறங்கள், பழங்கள், வாரத்தின் நாள்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தான். வியாழக்கிழமையில் ஒரு தடுமாற்றம். அம்மா உதட்டை அசைத்துக் காட்ட, சமாளித்துக்கொண்டான். நானும் கைதட்டினேன். சற்று நேரத்தில் அவன் அம்மாவின் முந்தானையை இழுத்து ஏதோ கிசுகிசுத்தான். "இங்கிலீஷ்ல கேளு. அப்பத்தான் மிஸ் விடுவாங்க. ஃபாதர்கிட்ட கேளு" என்றார் தாய். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கால்களை இறுக்கிக்கொண்டு நின்றான். பழகிய வாக்கியம் அந்த நேரத்தில் அவனுக்கு வரவில்லை. அலுவலகத் தரை நனைந்தது.

பையன் அழவில்லை, அந்தத் தாய்தான் அழுதார். "திங்கக்கிழமை இன்டர்வியூ ஃபாதர். அங்கேயும் இப்படிப் பண்ணிட்டா என்ன செய்வேன்?" எங்கள் கோவில்பிள்ளை துணி கொண்டுவந்து துடைத்துவிட்டு, "சின்னப் புள்ளைதானம்மா, விடுங்க" என்று சொல்லிப் பையனைப் பின்பக்கக் குழாயடிக்கு அழைத்துப் போனார். அன்று அந்த அறையில் குழந்தையைக் குழந்தையாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஏனெனில் நானும் அந்தத் தேர்வை நடத்தியவன்தான். ஒப்பித்ததற்குக் கைதட்டினேன். பிறகு "மிக நல்ல கத்தோலிக்கக் குடும்பம், தவறாமல் கோவிலுக்கு வருபவர்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அன்பார்ந்தவர்களே, குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்வது என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் அது நேர்காணலுக்குத் தயார் செய்வதாகிவிட்டது. இரண்டரை வயதில் பிரி.கே.ஜி., அதில் சேரும் முன்பே சுவரில் எழுத்து அட்டை, கையில் கைப்பேசிப் பாட்டு. குழந்தையைப் படிக்கவைப்பதோடு பெற்றோரும் படிக்கிறார்கள், ஏனென்றால் அவர்களையும் கேள்வி கேட்கிறார்கள். பட்டதாரியா, வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா, ஒரே பிள்ளையா? இப்போதெல்லாம் யாரும் இதை 'இன்டர்வியூ' என்று சொல்வதில்லை. 'இன்டராக்‌ஷன்' என்கிறார்கள், 'அறிமுகச் சந்திப்பு' என்கிறார்கள். பெயர் மாறினாலும், உள்ளே போய்த் திரும்பும் தாயின் முகத்தில் நான் மாற்றம் எதையும் காணவில்லை.

இது புதிய கவலையும் அன்று. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் முதல் உரையை முழுக்கக் குழந்தைகளின் புத்தகச் சுமைக்காகவே செலவிட்டார். அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் நடுவண் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993-இல் அறிக்கை வந்தது. மழலையர் பள்ளிகள் பிஞ்சுகளின் மீது எழுத்தையும் எண்ணையும் வலிந்து திணிப்பதை அந்தக் குழு ஒரு வகை வன்முறையாகவே கண்டது. நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைக்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

"இன்டர்வியூ வைக்கக் கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறதே, ஃபாதர்?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 13-ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து சேர்ப்பதையும் தடை செய்கிறது. தேர்வு வைத்துச் சேர்த்தால் முதல் முறை 25 ஆயிரம் ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50 ஆயிரம் ரூபாய் வரையும் அபராதம் என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தடையில் இரண்டு பெரிய ஓட்டைகள் உள்ளன.

முதல் ஓட்டை வயது. அந்தச் சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. 2002-இல் அரசியல் சட்டத்தின் 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோதே, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை அந்த உரிமைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அவர்களுக்காக அரசு முயற்சி செய்யவேண்டும் என்ற வழிகாட்டும் நெறி மட்டுமே மிஞ்சியது. 2013 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்கள் நீங்கலாக நர்சரி சேர்க்கைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று கூறி, சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னது. ஆக, பத்து வயதுச் சிறுவனைத் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பினால் குற்றம். மூன்று வயதுக் குழந்தையை அப்படி அனுப்பினால் அந்தச் சட்டத்தின் கை அதுவரை நீளுமா என்பதே கேள்வி.

இரண்டாவது ஓட்டை நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இந்தச் சட்டம் சிறுபான்மையினரின் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் பொருந்தாது, பெறாத பள்ளிகளுக்கும் பொருந்தாது. சிறுபான்மையினரின் உரிமை காக்கப்பட்டது என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை, அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்கு உயிர்நாடி. எனினும் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, அதனைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். நான் கேட்க விரும்புவது வழக்கறிஞரிடம் கேட்கும் கேள்வி அன்று. ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கும் கடமையிலிருந்து சட்டம் நம்மை விடுவித்தது. மூன்று வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்ற தடையிலிருந்தும் விடுவித்தது. அந்த விடுதலையை நாம் என்ன செய்தோம்?

இந்திய ஆயர் பேரவை 2007-இல் வெளியிட்ட அகில இந்தியக் கத்தோலிக்கக் கல்விக் கொள்கை ஏழைகளுக்கும் ஒதுக்கப்பட்டோருக்கும் முன்னுரிமை என்கிறது. எத்தனையோ அருட்சகோதரிகளின் பள்ளிகள் அப்படித்தான் கடற்கரைக் குப்பங்களிலும் மலையடிவாரங்களிலும் தொடங்கப்பட்டன. ஆனால் நகரத்து ஆங்கிலப் பள்ளியின் எல்.கே.ஜி. சேர்க்கையில் அப்பா எலக்ட்ரீஷியன் என்பது ஒரு குறையாக எண்ணப்படுமோ என்று ஒரு கத்தோலிக்கத் தாய் பயந்து, அதை ஈடுகட்டப் பங்குத்தந்தையின் கடிதத்தைத் தேடி வருகிறார் என்றால், எங்கேயோ எதையோ தவறவிட்டிருக்கிறோம். பரிந்துரைக் கடிதம் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். பங்குத்தந்தையிடம் வந்து கேட்கும் துணிவு உள்ளவருக்கே அது கிடைக்கிறது. ஞாயிறு மாலையும் மீன் விற்கப் போகும் தாய்க்கு அது கிடைப்பதில்லை.

சரி, குழந்தையை உண்மையில் எதற்குத் தயார் செய்யவேண்டும்? இதைப் பற்றிச் சொல்ல நான் மனநல நிபுணன் அல்லன். ஆனால் பல ஆண்டுகள் பள்ளித் தாளாளராக இருந்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் மழலையர் வகுப்பு வாசலில் நின்று பார்த்தவன்.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து தொடங்கலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல், தம் 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போதே போர் மூண்டிருந்தது. இத்தாலி எதிரி நாடானதால் அவரால் திரும்ப இயலவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிச் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இன்று தெருவுக்கு ஒரு பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் செய்தது என்ன என்பது அந்தப் பலகையை மாட்டியவர்கள் பலருக்கும் தெரியாது. 1907 ஜனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் திருநாளில், உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே ஒருநாள் கைக்குட்டையால் மூக்கைச் சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினார். பிள்ளைகள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். முடித்ததும் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்களாம். அவர் வியந்துபோனார். பிறகு புரிந்தது. மூக்கு ஒழுகுகிறது என்று அந்தப் பிள்ளைகளை எல்லாரும் திட்டியிருந்தார்கள். எப்படிச் சிந்துவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எங்கள் அலுவலகத் தரை எனக்கு நினைவுக்கு வருகிறது.

முதல் தயாரிப்பு கழிப்பறை. இதைக் கோவில் மேடையில் பேச எனக்கே சற்றுக் கூச்சம், ஆனால் எல்.கே.ஜி. ஆசிரியை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் முதலில் சொல்வார். "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று தமிழில் சொல்லத் தெரிந்தால் போதும். அதை ஆங்கிலத்தில் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று எந்த வகுப்பறையாவது விதி வைத்திருந்தால், அந்த விதிதான் மாறவேண்டும். அடக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருவதை எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். கால்சட்டையைத் தானே கழற்றி மாட்டத் தெரியவேண்டும். அதற்கேற்ற உடையை வாங்குங்கள், பெல்ட்டும் கொக்கியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழுவிக்கொள்ள மூன்று வயதில் முழுமையாக வராது. அதற்குத்தான் ஆயாம்மா இருக்கிறார். அந்த ஆயாம்மாவின் பெயரைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து சாப்பாடு. தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ காட்டி ஊட்டிவிட்ட பிள்ளை, பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறக்கத் தெரியாமல் வீட்டுக்கு அப்படியே கொண்டுவருகிறது. தாய் ஆசிரியையிடம் சண்டைக்குப் போகிறார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டிலேயே அந்த டிபன் பாக்ஸில் போட்டு, அதைத் தானே திறந்து, தானே சாப்பிடப் பழக்குங்கள். சிந்தட்டும். உலக நல நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலின்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் திரைமுன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்கவேண்டும். குறைவாக இருப்பது இன்னும் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். இரவு பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையைக் காலை ஆறரைக்கு எழுப்பி வேனில் ஏற்றிவிட்டு, "பள்ளிக்கூடம் பிடிக்கலையாம்" என்றால் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

எழுத்துப் பயிற்சியைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் எலும்பாக இறுகாமல் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது அநியாயம். பட்டாணி உரிக்கட்டும், கீரை ஆயட்டும், சப்பாத்தி மாவைப் பிசையட்டும், வாசலில் பாட்டியோடு கோலப்பொடி இழுக்கட்டும். எழுதுவதற்கு விரல்கள் அங்கேதான் பழகுகின்றன. வீட்டுக்கு வீடு இதற்கு வேண்டிய பொருள் இருக்கிறது, ஒரு ரூபாய் செலவில்லை. அதனால்தானோ என்னவோ நமக்கு அதில் மதிப்பில்லை.

மொழியும் அப்படித்தான். வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசி, கதை கேட்டு, ஏன் எதற்கு என்று நச்சரித்து வளரும் பிள்ளைக்கு இன்னொரு மொழி ஏறும். பெற்றோரே தடுமாறும் நாலு ஆங்கில வாக்கியத்துக்குள் பிள்ளையை அடைத்து வைத்தால் அதற்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை அன்று நடந்ததைச் சொல்லவேண்டுமே, எந்த மொழியில் சொல்லும்? யாராவது அடித்தார்கள், தொடக்கூடாத இடத்தில் தொட்டார்கள் என்றால் அதைச் சொல்ல அதற்குச் சொல் வேண்டும். உடலின் உறுப்புகளுக்கு வெட்கப்படாமல் பெயர் சொல்லிக்கொடுங்கள். எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா திட்டமாட்டாள் என்ற உறுதியைக் கொடுங்கள். பெரியவர்கள் 1098 என்ற சிறார் உதவி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போக்சோ சட்டம் 2012-இல் வந்தது, ஆனால் சட்டத்தை அழைக்க முதலில் குழந்தை பேசவேண்டும்.

பிரிவுதான் எல்லாவற்றிலும் கடினம். நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. குறும்பு செய்தால், "இரு, உன்னை ஸ்கூல்ல போட்டுடறேன், மிஸ் அடிப்பாங்க" என்போம். இரண்டு வருடம் அப்படி மிரட்டிவிட்டு மூன்றாவது வருடம் உண்மையிலேயே கொண்டுபோய்ப் போடுகிறோம். பிள்ளை அழாமல் என்ன செய்யும்? இன்னொன்று, முதல் நாள் பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக நழுவிவிடுவது. அம்மா சொல்லாமல் மறைந்துபோகக் கூடியவள் என்பதை அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் முதல் முந்தானையை விடாது. "அம்மா போயிட்டு, சாப்பாட்டு மணி அடிச்சதும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழும். அழட்டும். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். அதற்கு முன்பே அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ அரை நாள், ஒரு நாள் என்று விட்டுப் பழக்கலாம். மே மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கே கூட்டிப்போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் ஊஞ்சலையும் காட்டலாம். அதற்கு அனுமதிக்காத பள்ளியா? அப்படியானால் அதைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது.

வயதைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு என்பது நடைமுறை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022 முதல் 6 வயதுக்கு மாறிவிட்டன. இதனால் எந்தப் பாடத்திட்டப் பள்ளி என்பதைப் பொறுத்து எல்.கே.ஜி. வயதும் மாறிப் பெற்றோர் குழம்புகிறார்கள். "ஒரு வருஷம் வீணாகிவிடுமே" என்று அவசரப்படுவோருக்கு ஒன்று சொல்வேன்: பின்லாந்து நாட்டில் பள்ளிப் படிப்பு ஏழு வயதில்தான் தொடங்குகிறது. நம் தாத்தா காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது? வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். எட்டினால் சேர்த்துக்கொள்வார், எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா என்பார். சிரிக்கிறோம். அந்தத் தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அவமானம் இல்லை, கை வளரவில்லை, அவ்வளவுதான்.

இன்டர்வியூவே இல்லாத மழலையர் பள்ளி ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது. நாம்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. பால்வாடி என்று நாம் அழைக்கும் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் அவற்றுக்கென்று பாடத்திட்டமும் உண்டு, பெயரே ஒரு கல்விக் கொள்கை. சத்துணவும் உண்டு. ஆனால் பால்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைவு என்று கூலிவேலை செய்பவர்கூட எண்ணத் தொடங்கி, வட்டிக்கு வாங்கி எல்.கே.ஜி. கட்டணம் கட்டுகிறார். அரசும் உறுதியாக நின்றதாகச் சொல்லமுடியாது. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் உள்ள 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022 ஜூனில் அவை பள்ளிகளில் நடக்காது என்ற அறிவிப்பு வந்தது, பெற்றோரின் எதிர்ப்புக்குப் பின் நடக்கும் என்ற அறிவிப்பு வந்தது. சம்பளம் குறைந்த தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் தொடர்ந்தன. தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடத்தை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கோ, 2025-இல் நடுவண் அரசும் மாநில அரசும் நிதிக்காக மோதிக்கொண்டதில், கோடையில் முடியவேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஜூன் மாதம் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை அதுவரை எங்கே இருந்திருக்கும்?

குழந்தை தயாரா என்று இவ்வளவு கேட்கிறோமே, பள்ளி தயாரா என்று யார் கேட்பது? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகைத் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். 2025 ஜனவரி 3 அன்று விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி துருப்பிடித்த மூடி உடைந்து கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எங்கள் பள்ளி வளாகத்தைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு மூடியின் மேலும் ஏறி நின்று பார்த்தேன். இரண்டு மூடிகளை மாற்றவேண்டியிருந்தது. இவ்வளவு நாள் யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. பெற்றோரே, சேர்க்கைக்குப் போகும்போது வரவேற்பறையின் ஏ.சி.யைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவின் தாழ்ப்பாள் பிள்ளை உள்ளே மாட்டிக்கொள்ளும்படி இருக்கிறதா, தொட்டிகளுக்கு மூடி இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆயாம்மா, வேனில் உதவியாளர் உண்டா என்று கேளுங்கள். அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கலாம் என்றால், நீங்களும் கேட்கலாம்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பரிந்துரைக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். திருமுழுக்குச் சான்றிதழ் தருகிறேன், அது உரிமை. 'நல்ல குடும்பம்' என்று எழுதுவதில்லை, ஏனென்றால் எழுதப்படாத குடும்பம் என்ன குடும்பம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இதனால் பங்கில் சிலருக்கு என்மீது வருத்தம். "எங்க புள்ளைக்குன்னு வரும்போதுதான் ஃபாதருக்குச் சட்டம் ஞாபகம் வருது" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முந்தின வருடம் வரை எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

எங்கள் பகுதியில் பள்ளி நடத்தும் ஓர் அருட்சகோதரியிடம் இதைப் பற்றிப் பேசினேன். நல்லவர், பிள்ளைகள் மேல் உயிராக இருப்பவர். "ஃபாதர், இருக்கிற இடத்தைவிட அப்ளிகேஷன் பல மடங்கு வருது. கேள்வியும் கேட்கக் கூடாது, லெட்டரும் பார்க்கக் கூடாதுன்னா நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. பக்கத்தில் குடியிருப்போருக்கு முதலிடம், அக்கா அண்ணன் படிக்கும் பள்ளி என்றால் இடம், ஏழைகளுக்கென்று ஒரு பங்கு, மீதி குலுக்கல் என்றேன். தில்லியில் கங்குலி குழுவுக்குப் பின் தூரத்துக்கும் உடன்பிறப்புக்கும் புள்ளி தரும் முறை வந்தது. நம் மாநிலத்திலேயே 25 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல்தான் நடக்கிறது. "குலுக்கலா? கான்வென்ட் ஸ்கூல்லயா?" என்று சிரித்தார். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தபோது திருத்தூதர்கள் சீட்டுத்தானே போட்டார்கள், நேர்காணல் நடத்தினார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவங்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் இல்லை, ஃபாதர்" என்றார்.

ஆனாலும் தம் சபைத் தலைவியிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நேர்காணல் அறையிலிருந்து பிள்ளைகளை வெளியே எடுத்து, பெற்றோர் விண்ணப்பம் கொடுக்கும் நேரத்தில் அவர்களை மணல்தொட்டியில் விளையாட விடுவது என்ற அளவுக்கு இந்த ஆண்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். எலக்ட்ரீஷியனின் மகனுக்கு அந்தத் திங்கட்கிழமை இடம் கிடைக்கவில்லை. இப்போது வீட்டுக்கு அருகில் உள்ள அங்கன்வாடிக்குப் போகிறான். சென்ற வாரம் கோவில் வளாகத்தில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "சாமி, ஒண்ணுக்கு வருது" என்றான். கோவில்பிள்ளை எழுவதற்குள் குழாயடிக்குத் தானே போய்விட்டான்.